பின்பலகை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளை வேடிக்கை பார்த்தபடி நடந்தால் அரை நாள் போய்விடும். எனாமல் தூக்குவாளி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப் படம், ஊறுகாய் ஜாடி. அன்று எனக்கு அந்தக் கடைகளில் வேலை இல்லை. சற்றுத் தள்ளியிருந்த ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன், தாத்தாவின் கணக்குப்பிள்ளை மேசையைத் தூக்கிக்கொண்டு.

தரையில் சம்மணம் போட்டு எழுதுகிற, சாய்வு மூடி வைத்த குட்டி மேசை. முன்பு ஒருவரிடம் பாலிஷுக்குக் கொடுத்தேன். முகம் பார்க்கலாம் போலத் திரும்பி வந்தது. மூடியில் இருந்த மசிக்கறையைக் காணோம். தாத்தாவின் முழங்கை பட்டுத் தேய்ந்திருந்த விளிம்பையும் காணோம். மெஷினில் தேய்த்து, மேலே பாலியூரித்தேன் அடித்துவிட்டார். 'புதுசு மாதிரி ஆக்கிடுங்க' என்று சொன்னவன் நான்தான்.

ஆசாரிக்கு அறுபது தாண்டியிருக்கும். மூடியைப் பார்க்கவே இல்லை. மேசையைக் கவிழ்த்துப் போட்டார்.

"மேல என்னத்தப் பாக்குறது தம்பி. சாதகம் எல்லாம் அடியிலதான்."

அடிப்பலகையில் வாள் தடம் நேர்நேராக ஓடியது. கைவாளில் அறுத்த மரம். வட்ட வாள் என்றால் கோடு பிறை பிறையாக வளைந்திருக்குமாம். மூலையில் ஒரு காலிலும் அது சேரும் சட்டத்திலும் மூன்று மூன்று உளிக்கொத்து. எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று மாறிப் போகாதிருக்க, செய்தவர் போட்ட குறி. இத்தனை வருடம் வீட்டில் இருந்த மேசை. நான் பார்த்ததே இல்லை.

பர்மாத் தேக்கு என்று தட்டிப் பார்த்தே சொன்னார். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நகரத்தார் கப்பலில் இறக்கிய மரத்தில்தான் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. பிறகு ஒரு வீட்டுக்குப் பத்து இருபது புள்ளி என்று குடும்பங்கள் பெருகி, பங்கு பிரிக்க முடியாமல் பூட்டிக் கிடந்து, கடைசியில் இடித்து மரத்தை விற்றார்கள். இந்தத் தெருவுக்குச் சரக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று. அழகான கடைத்தெரு என்று எழுதக் கொஞ்சம் கை கூசுகிறது.

பட்டறையில் ஒரு கட்டில் பிரித்துக் கிடந்தது. பச்சை எனாமல் பெயிண்ட் மூன்று பூச்சு. காஸ்டிக் சோடாத் தண்ணீரில் முக்கினால் சீக்கிரம் கழன்றுவிடும். ஆனால் தேக்கு கறுத்து, பசை விட்டு, மூட்டு ஆடும். இங்கே இரண்டு அக்காமார் கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சுருள் சுருளாகப் பச்சை உதிர, கீழே தேன் நிறம் தெரிந்தது. கட்டிலை வாங்கியவர் அடுக்குமாடிக்காரர். மெத்தைக்கு அகலம் போதாது, லிஃப்டில் நுழையாது. நல்லவேளை, இந்தக் கட்டில் போல்ட்டில் கழற்றி மாட்டுகிற ரகம். அகலத்துக்கு மட்டும் பழைய மரத்திலேயே புதுக் குறுக்குச் சட்டம்.

பாலிஷ் போடுவதை அவர் யாரிடமும் விடுவதில்லை. அவலரக்கை முந்தின இரவே ஸ்பிரிட்டில் ஊறப்போட்டிருந்தார். பெயருக்கேற்ப அவல் மாதிரிதான் இருக்கிறது. பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் முட்டையளவு பொதிந்து, நனைத்து, அடியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக்கொள்கிறார். பிறகு கை நிற்கக் கூடாது. வட்டம், எட்டு, நீளவாட்டு. ஒரு நொடி நின்றாலும் பொதி ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும். மழை ஈரத்தில் போட்டால் வெள்ளையாகப் பூத்துப்போகும். சூடான டம்ளரை வைத்தால் வட்டம் விழும். "விழட்டும். திரும்ப ரெண்டு கை போட்டாச் சேந்துக்கும். உங்க பிளாஸ்டிக்கு பாலிஷ் சேராது."

மேசையை லேப்டாப்புக்கு வைத்துக்கொள்ளப் போகிறேன், சார்ஜர் வயருக்குப் பின்னால் ஒரு ஓட்டை போட்டுத் தாருங்கள் என்றேன். உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"போடலாம். அடைக்க முடியாதுல்ல?"

மறுபடி வரச் சொன்னார். பத்து நாள் கழித்துப் போனபோது பளபளப்பு போயிருந்தது. மசிக்கறை திரும்பவில்லை, திரும்பாது. ஆனால் முன்பு பாலிஷ் போட்டவரின் மெஷின் நுழையாத இழுப்பறைக்குள் நீலமாய் ஒரு பொட்டு மிச்சமிருந்ததைக் காட்டினார். பின்பலகை காடியில் சும்மா செருகியதுதான், ஆணி இல்லை. அதை உருவிவிட்டு, அதே அளவில் வேறு பலகை இழைத்து, அதில் வயருக்கு ஓட்டை போட்டிருந்தார். லேப்டாப் சறுக்காமல் இருக்க மூடியின் கீழ்விளிம்பில் ஒரு சட்டம். அதுவும் கழற்றி எடுப்பது.

பழைய பலகையைத் தினத்தந்தியில் சுற்றிக் கையில் கொடுத்தார். "பரண்ல போட்டு வைங்க."

மேசையைப் பார்சல் லாரியில் ஏற்றிவிட்டேன். பலகையை மட்டும் விட மனசில்லாமல் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். திருச்சி தாண்டும்போது கண்டக்டர், "அது என்ன சார், போட்டோவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.