கூரை இல்லாத குடோன்

அருப்புக்கோட்டையில் அக்கா வீட்டு மச்சானுக்குக் கரி வியாபாரம். திருச்சுழிப் பக்கத்துச் சீமைக் கருவேலம்தான் மூட்டத்தில் வெந்து கரியாகி வரும். ஷெட் நிரம்பி, வெளியே வெறும் நிலத்திலும் மூட்டைகள் ஏறின. வந்தது நோட்டீஸ்!

"ஒரு செங்கல்கூட வைக்கலை... வானத்துக்குமா பெர்மிஷன், மாப்ளே?" என்று சீறினார்.

பி.காம். படித்த பாவத்துக்கு நான் சட்டத்தைப் புரட்டினேன். 1971-ம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி, கட்டடம் கட்டினால்தான் என்றில்லை. நிலத்தின் உபயோகத்தை மாற்றினாலே 'அபிவிருத்தி'யாம். அனுமதி வேண்டும். மச்சான் சிரித்தார்.

அன்று ராத்திரி நடு அடுக்கில் புகை. சரியாக ஆறாத கரி உள்ளுக்குள்ளேயே கனன்றிருக்கிறது. தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லை. வேலிக்கு அந்தப்புறம் அக்காவின் கைக்குழந்தை. மண்ணள்ளிக் கொட்டியே அணைத்தோம்.

விடிந்ததும் மச்சான் வெள்ளைப் பேப்பரை நீட்டினார். கையெல்லாம் கரி. "எழுது மாப்ளே. நடுவுல வண்டிப் பாதை விட்டு அடுக்குறேன்னும் சேர்த்துக்க."