ஒழுங்கைக்குள்ளால் வந்த கட்டடம்



“எதனையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்ய வேண்டும்” என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். கட்டுரைகளிலும் எழுதுகிறோம். ஆயத்தம் என்றால் என்ன செய்வது என்று கேட்டால் பலர், “திட்டமிடுவது” என்று சொல்லி நின்றுவிடுவர். அந்தச் சொல்லுக்குள் என்னென்ன வேலைகள் அடங்கியுள்ளன என்பதை ஓர் உதாரணத்தால் விளக்க விரும்புகிறேன். அந்த உதாரணம் எனது வீட்டுப் பின்வளவில் நிற்கிறது.

நான் வகுப்பு நடத்தி வந்தது ஒரு கிடுகுக் கொட்டிலில். மாரி மழை தொடங்கினால் பிள்ளைகள் கொப்பிகளை மடியில் வைத்து மூடிக்கொண்டு படிப்பார்கள். எனவே இரும்புச் சட்டத்தாலான ஒரு மண்டபம் அமைக்கத் தீர்மானித்தேன். நீளம் 24 அடி, அகலம் 18 அடி, தூண்கள் 8. பட்டறையில் பகுதி பகுதியாகச் செய்து, வளவுக்குக் கொண்டு வந்து, போல்ற் போட்டுப் பூட்டுவது என்பது ஏற்பாடு.

சிக்கல் ஒன்றுதான். எனது வீடு ஒழுங்கையின் முடிவில் உள்ளது. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளைப் பற்றி நான் விவரிக்கத் தேவையில்லை. இருபுறமும் மதில், இடையில் ஒரு மின்கம்பம், நடுவழியில் செங்கோணமாக ஒரு திருப்பம். லொறி உள்ளே வராது.

1. வழியை அளத்தல்

பட்டறையில் முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் அளவு நாடாவுடன் ஒழுங்கைக்குப் போனேன். எங்கள் ஒழுங்கை 8 அடி என்றே எல்லோரும் சொல்வோம். ஆனால் பொருள் போவது சராசரி அகலத்தால் அன்று. மிகக் குறுகிய இடத்தால். மின்கம்பம் நிற்கும் இடத்திலும் திருப்பத்தின் இருபுறத்திலும் அகலம் 7 அடிதான்.

7 அடி அகலமான திருப்பத்தால் எவ்வளவு நீளமான சட்டம் போகும்? இங்கேதான் நீங்கள் 11ஆம் வகுப்புக்குள் படித்து முடிக்கும் கணிதம் உதவுகிறது. சட்டத்தைக் கிடையாகத் தூக்கித் திருப்பும்போது அது மிகவும் நெருக்கப்படுவது மதில்களுடன் 45° ஆக நிற்கும் நிலையிலாகும். அப்போது மதிலின் உள்மூலை சட்டத்தின் நடுவைத் தொடும். சட்டத்தின் ஒவ்வொரு அரைவாசியும், 7 அடிப் பக்கங்களைக் கொண்ட இருசமபக்கச் செங்கோண முக்கோணியின் செம்பக்கம் ஆகும். பைதகரசின் தேற்றப்படி அது √98, அதாவது ஏறத்தாழ 9.9 அடி. இரண்டு அரைவாசிகளும் சேர்ந்து 19.8 அடி. சட்டத்தின் தடிப்புக்கும் தூக்குபவர்களின் கைகளுக்கும் இடம் விட்டால் இன்னும் குறையும்.

மண்டபத்தின் நீளப் பக்கச் சட்டங்களோ 24 அடி. ஒரு முனையை உயர்த்தி நிமிர்த்தினால் திருப்பலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். மேலே மின்கம்பிகள் போகின்றன. இரும்பு அதில் பட்டால் அதனைப் பிடித்திருக்கும் அத்தனை பேரின் உயிருக்கும் ஆபத்து. ஆகவே அந்த வழியை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

ஒழுங்கையின் படத்தைக் கீறிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் அதை நெடுநேரம் பார்த்தார்.

“ரீச்சர், துண்டாக்க வேணும் எண்டது உங்கட கணக்கு. எந்த இடத்தில துண்டாக்கிறது எண்டது என்ர கணக்கு,” என்றார்.

நான் 12 அடியாக இரண்டு துண்டு என்று நினைத்திருந்தேன். அவர் 16 அடியும் 8 அடியுமாகப் பிரித்தார். தூண்கள் 8 அடிக்கு ஒன்றாக நிற்பதால், அப்படிப் பிரித்தால் மூட்டு ஒரு தூணின் மேலேயே வரும். பாரத்தைத் தூண் தாங்கும். 18 அடி அகலமான கூரைச் சட்டங்களையும் முகட்டில் பூட்டும் இரு பாதிகளாகச் செய்தார். தொழில் தெரிந்தவரிடம் அளவைச் சரியாகக் கொடுத்தால், அவர் தமது அறிவைச் சரியாகத் தருவார்.

2. அயலவரிடம் சொல்லுதல்

அந்த ஒழுங்கை எனக்கு மாத்திரம் உரியதன்று. ஒன்பது வீட்டாருக்கும் அதுவே ஒரே வழி. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் வயோதிப அம்மா ஒருவர் படலையைப் பிடித்தபடி கேட்டார்:

“பிள்ளை, செவ்வாயும் வெள்ளியும் இவருக்கு ஆஸ்பத்திரி. ஓட்டோ உள்ளுக்கு வராட்டி நான் இவரை என்னெண்டு கொண்டு போறது?”

அவருடைய கணவருக்கு வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. அதனைத் தவறவிட முடியாது. அயலில் இருந்தும் அந்த நாட்கள் எவை என்பது எனக்கு அன்றுதான் தெரிய வந்தது. பட்டறையார் தருவதாகச் சொன்ன நாள் வெள்ளி. அதனை ஞாயிறு காலைக்கு மாற்றச் சொன்னேன். வேறு நாட்களிலும் அவசரம் வரலாம் என்பதால், எந்த நேரத்திலும் ஒழுங்கையில் பொருள் எதையும் இறக்கி வைப்பதில்லை என்று அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

இந்த ஆயத்தங்களில் மிக முக்கியமானது எது என்று கேட்டால், நான் இதனையே சொல்வேன். இரும்பு பிந்தினால் காத்திருக்கலாம். நோயாளி காத்திருக்க முடியாது.

3. தளத்தை ஆயத்தம் செய்தல்

பொருள் வந்த பின் தளத்தைப் போட முடியாது. வளவுக்கான கட்டட அனுமதி கிடைத்ததும் மேசன் வந்து மூலைகளைக் குறித்தார். 24 அடிக்கும் 18 அடிக்கும் மூலைவிட்டம் சரியாக 30 அடி வர வேண்டும். 3, 4, 5 என்ற அதே முக்கோணிதான், ஆறு மடங்காக. இரண்டு மூலைவிட்டங்களும் 30 அடி வந்த பின்னரே கொங்கிறீற் போட்டோம். அதனை ஏழு நாட்கள் ஈரம் காயாமல் வைத்திருந்தோம். கொங்கிறீற்றின் வலுவைக் கணக்கிடுவது 28ஆம் நாளில் என்பதால், அந்த நாட்களையும் எண்ணியே ஞாயிறைத் தெரிந்தோம். மழைக்காலத்துக்கு முன்னர் வேலை முடிவதற்கும் அது பொருத்தமாக இருந்தது.

வளவுக்குள்ளும் வழி வேண்டும். படலையைப் பிணைச்சலிலிருந்து கழற்றினோம். கொடிக் கயிற்றை அவிழ்த்தோம். மலசலகூடக் குழியின் மூடி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியும்படி நான்கு தடி நட்டுக் கயிறு கட்டினோம். அதன் மேலே பாரத்துடன் ஒருவர் கால் வைத்தாலும் விபரீதம் ஆகும். பொருட்கள் மண்ணில் படாமல் அடுக்குவதற்கு மரக்குற்றிகளை வரிசையாகப் போட்டு வைத்தோம்.

4. அந்த நாள்

பட்டறையாரிடம் ஒன்று கேட்டிருந்தேன்: முதலில் தேவைப்படுவது கடைசியாக லொறியில் ஏற வேண்டும். அப்படியே தூண்கள் மேலே இருந்தன. கூரைத் தகடுகள் அடியில் இருந்தன. லொறி பிரதான வீதியில் நின்றது. பாரமானவை லாண்ட்மாஸ்டர் பெட்டியில் வந்தன. 16 அடிச் சட்டங்களைக் கையுறை போட்ட நால்வர் தூக்கினர். முனைகளில் பழைய சாக்குச் சுற்றியிருந்தோம். ஒருவர் எதையும் தூக்காமல் திருப்பத்தில் நின்று, “மெல்ல, மெல்ல, இப்ப திருப்பு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் வேலையாள்தான்.

நான் பட்டியலுடன் படலையடியில் நின்றேன். தூண், சட்டம், தகடு, போல்ற் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்த பின்னரே ஒப்பமிட்டேன். மூன்று மணித்தியாலத்தில் எல்லாம் வளவுக்குள் வந்துவிட்டன. எவருடைய மதிலிலும் ஒரு கீறல் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டோ வழமை போலவே உள்ளே வந்து போனது.

மாணவர்களே, பொருள் வந்த அந்த மூன்று மணித்தியாலத்தை மாத்திரம் பார்த்தவர்கள், “சுகமாக முடிந்துவிட்டது” என்றனர். அதற்கு முன்னால் ஒன்றரை மாதம் இருந்தது. உங்களுக்கும் ஒரு திகதி குறிக்கப்பட்டுள்ளது. உங்கள் வழியில் மிகக் குறுகிய இடம் எது என்று இன்றே அளந்து பாருங்கள். சிலருக்கு அது கணிதமாக இருக்கும். சிலருக்குக் காலையில் எழும்புவதாக இருக்கும். முழுதாகக் கொண்டு போக முடியாத பாடத்தை, பாரத்தைத் தாங்கும் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி

1. இருபுறமும் 8 அடி அகலமுள்ள ஒழுங்கை ஒன்று செங்கோணத்தில் திரும்புகிறது. கிடையாகத் தூக்கிச் செல்லக்கூடிய மெல்லிய கம்பின் மிகக்கூடிய நீளம் யாது?
2. 16 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட தளத்தின் மூலைவிட்டம் யாது?
3. உங்கள் வீட்டில் அல்லது அயலில் பலர் சேர்ந்து ஆயத்தம் செய்த ஒரு வேலையைப் பற்றி 200 சொற்களில் எழுதுக. வேலை நடந்த நாளை விட, அதற்கு முன்னர் நடந்தவற்றுக்குக் கூடிய இடம் கொடுக்க.