வேலை அங்கே, வீடு இங்கே

சிரம்பானில் கொம்யூட்டர் ரயிலேறி கோலாலம்பூர் போயிருக்கிறீர்களா, வாசகர்களே? தீரோய், லாபு, நீலாய், பாத்தாங் பெனார் என்று நிலையங்கள் வரும். ஜன்னலோரம் அமர்ந்து பாருங்கள். பால்மரங்கள் வரிசை கட்டி நின்ற நிலங்களில் இன்று வீடுகள் வரிசை கட்டி நிற்கின்றன.

தோட்டத்தில் நமக்கு வேலையும் வீடும் ஒரே முடிச்சு. வேலை போனால் லயத்து வீடும் போயிற்று. விடியுமுன் மரத்தடியில் நின்றாக வேண்டும். வீட்டில் உட்கார்ந்து மரம் சீவ முடியுமா?

நம் பிள்ளைகளுக்கோ அந்த முடிச்சு அவிழ்கிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, அலுவலக வேலைகள் பல கணினி வழியே வீட்டிலிருந்தே நடந்தன. கோலாலம்பூர் வேலையை விடாமல், சிரம்பானில் குடியேறி, வயதான பெற்றோருடன் இருக்க உங்கள் மகனோ மகளோ விரும்பலாம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இதற்கு வழி செய்கிறது. வேலை செய்யும் இடத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். கேட்கத்தான் உரிமை; கொடுத்தே தீர வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே, சம்மதக் கடிதம் கைக்கு வருமுன் புது வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டாம். வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்பதையும் அதில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

அந்த நாள்களுக்கு, 1995-இல் தொடங்கிய அந்த ரயில் இருக்கிறது. மற்ற நாள்களில் பிள்ளை வீட்டில் சாப்பிடும். பெற்ற மனத்துக்கு வேறென்ன வேண்டும்?