மானம்புச்சாவடி: பாட்டுக்காரர்கள் பேட்டை

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால் என்று பார்த்துவிட்டு, நேரமிருந்தால் திருவையாற்றுக்கும் போய் வருவார்கள். பழைய கோட்டைக்கு வெளியே கிடக்கும் மானம்புச்சாவடியைத் தேடி யாரும் வருவதில்லை. சங்கீதக்காரர்களுக்கு மட்டும் இந்தப் பேர் தெரியும். தியாகராஜரின் சீடர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர் இந்தப் பேட்டையின் பெயரையே முன்னால் போட்டுக்கொண்டவர். மகா வைத்தியநாதையரும் பட்டணம் சுப்பிரமணிய ஐயரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். தியாகராஜர் பாட்டு இன்று நம் காதுக்கு வந்து சேர்ந்த முக்கியமான வழிகளில் ஒன்று இந்தத் தெருக்கள் வழியாகத்தான் வந்தது.

அதே பேட்டையில்தான் தூய பேதுரு ஆலயம் இருக்கிறது. இந்தக் கோயிலைச் சுற்றி இருநூறு வருஷத்துக்கும் மேலாக ஓடிய இன்னொரு பாட்டு வழியைப் பற்றி வெளியே பேச்சே இல்லை.

சபையை ஊன்றியவர் சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மானிய மிஷனரி. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியில் பல வருஷம் ஊழியம் பார்த்து, 1778இல் தஞ்சாவூரில் நிலையாகத் தங்கினார். மராட்டிய அரசவையிலும் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் ஒருசேர மதிக்கப்பட்டவர்; ஹைதர் அலியிடம் தூது போனவர். 1798இல் அவர் இறந்தபோது, அவரை ஆசானாகவும் காப்பாளராகவும் கொண்டிருந்த சரபோஜி ராஜா, லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்தார். சாகக் கிடக்கும் குருவைப் பார்க்க ராஜா வந்து நிற்கும் காட்சி. அது சிவகங்கைக் கோட்டைக்குள் இருக்கும் கிறிஸ்து ஆலயத்தில் இருக்கிறது. மானம்புச்சாவடிக் கோயிலில் இருப்பது அவருடைய கல்லறை.

சுவார்ட்ஸ் ஒருவரே எல்லாம் செய்ததாகத்தான் பழைய புத்தகங்கள் எழுதும். உண்மையில் சபையைத் தூக்கிச் சுமந்தவர்கள் உபதேசிமார். கிராமம் கிராமமாக நடந்து, வேதம் வாசித்து, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, பாட்டு எடுத்துக் கொடுத்து, சாவு வீட்டில் ஜெபம் பண்ணியவர்கள் அவர்கள்தாம். அவர்களில் ஒருவரான சத்தியநாதனுக்கு 1790 டிசம்பரில் இங்கே தஞ்சாவூரில் குருப்பட்டம் கொடுத்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். திருநெல்வேலிச் சீமையின் பெரிய சபைகளுக்கு வித்திட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

இங்கிருந்து போன குருவானவர் சத்தியநாதன் என்றால், அந்தச் சீமையிலிருந்து இங்கே வந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதுப் பையனைச் சுவார்ட்ஸ் பார்த்து, தகப்பனாரிடம் கேட்டுத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்தார். பிறகு தரங்கம்பாடியில் மிஷனரி ஜான் ஐயரிடம் இறையியலோடு வானநூல், கணக்கு, உடற்கூறு எல்லாம் படித்தார். இருபது வயது வாக்கில் தஞ்சாவூர் மிஷன் பள்ளியில் தலைமை வாத்தியார். (மாயூரத்தில் முன்சீபாக இருந்து ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய வேதநாயகம் பிள்ளை வேறு ஆள், அவர் கத்தோலிக்கர், காலத்திலும் பிந்தியவர். இரண்டு பேரையும் ஒருவராக்கி மேடையில் பேசுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.)

‘பெத்லகேம் குறவஞ்சி’ 1800ஆம் ஆண்டை ஒட்டி வந்தது. தஞ்சாவூரில் குறவஞ்சி என்றால் தலைவன் பவனி வருவான், தலைவி மயங்குவாள், குறத்தி கை பார்த்துக் குறி சொல்வாள், கடைசியில் சிங்கன் பறவை பிடிக்க வருவான். சாஸ்திரியார் இந்தச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கிறிஸ்துவைத் தலைவனாக்கினார், சபையைத் தலைவியாக்கினார். அது பக்திக்காரர் எவரும் செய்யக்கூடியதுதான். அவருடைய துணிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது: கோபர்னிக்கஸ் சொன்னபடி சூரியனைச் சுற்றும் கிரகங்களையும் உலகத்து நாடுகளையும் அந்தப் பாட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். சூரியன் நடுவில் இருக்கிறது என்பதைத் தமிழில் ராகத்தோடு பாடி ஆடிக் காட்டக்கூடிய ஒரு நூல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாசலிலேயே ஒரு சபை வாத்தியார் கையிலிருந்து வந்திருக்கிறது. நம் அறிவியல் தமிழ் வரலாறுகளில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

நொண்டி நாடகம், கும்மி, மாலை என்று ஜனங்களுக்குப் பழகிய எந்த உருவத்தையும் அவர் விடவில்லை. ஏன் இப்படி மெனக்கெட்டார் என்பதற்கு இசைக் காரணம் ஒன்று உண்டு. அன்றைக்குச் சபைகளில் பாடியது ஜெர்மன் ஞானப்பாட்டுகளின் தமிழாக்கம். அந்த மெட்டுகளில் பெரும்பாலும் ஓரசைக்கு ஒரு சுரம், எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். தமிழோ குறிலும் நெடிலுமாக நடப்பது. மெட்டு நிற்கும் இடத்தில் குறில் வந்தால் அதை இழுத்துத்தான் ஆகவேண்டும். புதிதாகக் கேட்பவருக்கு என்ன சொல் என்றே பிடிபடாது. கீர்த்தனையில் அந்தத் தொல்லை இல்லை. பல்லவியை ஒருவர் எடுத்தால், எழுத்துத் தெரியாத கிழவியும் இரண்டாம் தடவை கூடப் பாடிவிடுவாள்.

இத்தனையும் செய்தவருக்கும் மிஷனுக்கும் 1820களில் சண்டை மூண்டது. புதிதாக வந்த இளம் மிஷனரிமார் பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், பாட்டுகளைத் திருத்தினார்கள், தமிழ் வாத்தியங்களும் பூவும் கோயிலுக்கு ஆகாது என்றார்கள், சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கத்தை ஒழிக்கப் பார்த்தார்கள். சாஸ்திரியார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எதிர்த்து எழுதினார். பாட்டு விஷயத்தில் அவர் சொன்னது சரி. உட்காரும் இட விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இல்லை. வேளாளக் குடும்பத்து வழக்கத்தை அவர் சபை ஒழுங்காக்கப் பார்த்தார். மிஷனரிகளின் தோரணை எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த ஒன்றில் அவர்கள் நின்ற இடமே சுவிசேஷத்துக்கு நெருக்கமானது. அவரைப் போற்றும் நூல்கள் இதை மெல்ல ஒதுக்கிவிட்டுப் போகின்றன. ஒதுக்கத் தேவையில்லை, அவர் பாட்டு அதனால் குறைந்துபோகாது.

மிஷன் வேலை போயிற்று. அப்போது அவருக்குச் சம்பளம் கொடுத்துப் புலவராக வைத்துக்கொண்டவர் சரபோஜி ராஜா. இந்து ராஜாவின் அரண்மனைக் காசில் கிறிஸ்தவப் பாட்டு தழைத்தது. 1864இல், ஏறக்குறைய தொண்ணூறு வயதில் இறக்கும்வரை சாஸ்திரியார் எழுதிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தார். அவருடைய வழிவந்தவர்கள் அவர் பாட்டுகளைக் கதாகாலட்சேபமாகத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறார்கள்.

இந்தப் பாட்டு வழியில் அடுத்தவர் ஆபிரகாம் பண்டிதர். அவரும் தென்பாண்டிக்காரர்தான், தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்தவர். திண்டுக்கல்லில் வாத்தியார் பயிற்சி, அங்கேயே வயலின். 1880களில் தஞ்சாவூருக்கு மிஷன் பெண்கள் பள்ளி ஆசிரியராக வந்து, சில வருஷத்தில் அதை விட்டுச் சித்த மருத்துவத்தில் இறங்கினார். மருந்து விற்ற பணத்தை இசையில் கொட்டியவர் தமிழ்நாட்டில் இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். 1912இல் ஓர் இசைச் சங்கம் தொடங்கி வித்துவான்களைத் தஞ்சாவூரில் கூட்டினார். 1916இல் பரோடா மாநாட்டில் வீட்டுப் பெண்களை வீணை வாசிக்க வைத்துத் தம் சுருதிக் கணக்கை விளக்கினார். 1917இல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ‘கருணாமிர்த சாகரம்’ நூலைத் தம் சொந்த அச்சகத்தில் வெளியிட்டார். அந்த நூலில் இருபத்துநான்கு சுருதிக்காக அவர் கட்டிய வாதம் இன்றும் முடியாத வழக்கு. சபைகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டியது அவருடைய இன்னொரு புத்தகம், ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’. சுர தாளக் குறிப்போடு, ஆரம்ப மாணவர் முதல் படித்துப் பாடும்படி அமைத்த கிறிஸ்தவக் கீர்த்தனைகள். பாடம் நடத்த வாத்தியார் இல்லாமல் அது அலமாரிக்குப் போய்விட்டது.

இன்றைக்குத் தமிழ்நாட்டுச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எதையும் எடுத்துக்கொள்ளுங்கள். குருவானவர் சம்பளக்காரர், சில வருஷத்துக்கொரு தரம் பேராயம் அவரை மாற்றிவிடும். சபை ஊழியருக்கும் மணி அடித்து விளக்குப் போடுகிறவருக்கும் ஏதோ ஒரு சம்பளம் உண்டு. பாடகர் குழு மட்டும் அநேகமாக இலவசம். ஆர்கன் வாசிப்பவருக்குப் பண்டிகைக்கு ஒரு வேட்டி சட்டையோ சிறு தொகையோ கிடைத்தால் உண்டு. ஆனால் ஐயர்மார் வந்து போனாலும் அதே ஆர்கன்காரர் முப்பது வருஷம் அங்கேயே உட்கார்ந்திருப்பார். எந்தப் பாமாலையை எந்தச் சுருதியில் எடுத்தால் சபை மூச்சுத் திணறாமல் பாடும், லெந்து நாளில் எதைப் பாடக்கூடாது, கிறிஸ்மஸ் காரல் ரவுண்ட்ஸில் எந்த வீட்டில் எந்தப் பாட்டுக் கேட்பார்கள் என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று சோல்ஃபா சுரக்குறிப்பு பார்த்துப் பாடும் பயிற்சி இன்னும் பல சபைகளில் உயிரோடு இருக்கிறது. கீர்த்தனைக்குத்தான் ஆள் இல்லை. மிருதங்கம் இருந்த இடத்தில் கீபோர்டின் தாளப் பொத்தான். ராகத்தின் அசைவு கட்டைகளில் விழுவதில்லை. எல்லாக் கீர்த்தனையும் நேர்கோட்டில் ஓடுகிறது. இளையவர்கள் அதை அலுப்பு என்று சொன்னால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சாஸ்திரியார் பெயரிலும் பண்டிதர் பெயரிலும் விழா எடுப்பதில் சபைகள் குறை வைப்பதில்லை. விழாவுக்கு ஆகும் செலவில், அல்லது புது ஒலிபெருக்கி வாங்கும் காசில் ஒரு பங்கை ஒதுக்கி, சங்கீதம் முறையாகப் படித்த ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் கீர்த்தனை சொல்லிக்கொடுக்கச் செய்யலாம். வேதநாயகம் சாஸ்திரியாருக்கு அந்தச் சம்பளத்தை ஒரு ராஜா கொடுத்தார். இப்போது கொடுக்கவேண்டியவர்கள் சபையார். மானம்புச்சாவடியில் ஆரம்பித்தால் பொருத்தமாக இருக்கும்.