தரை

நியூசிலாந்தின் ஒடாஹுஹுவில் என் வீடு ஒரு சாண் உயர்ந்துவிட்டது. நாற்காலிக் கால்களுக்கு அடியில் கட்டை, கழிப்பறையில் உயரமான இருக்கை, ஷவருக்குள் பிளாஸ்டிக் ஸ்டூல். இடுப்பு மூட்டு மாற்றி ஆறு வாரம் ஆகிறது. ரொம்பக் குனியக் கூடாது, தரையில் உட்காரவே கூடாது. புது மூட்டு நழுவிவிடுமாம்.

எல்லாம் ஓ.டி. ஏற்பாடு. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வருவாள் என்றதும், எழுபத்திரண்டு வயதில் எனக்கு வேலை தேடித் தரப்போகிறார்களா என்று கேட்டேன். வந்த பெண் என் முழங்காலுக்குப் பின்னிருந்து குதிகால்வரை டேப் வைத்து அளந்தாள். பிறகு கட்டிலை அளந்தாள். "ஒரு டீ போடுங்களேன்" என்றாள். உபசாரம்தானே என்று ஏலக்காய் தட்டிப் போட்டேன். அவள் பார்த்ததோ, என் கை எதைப் பிடிக்கிறது, எதற்குக் குனிகிறேன் என்பதை. அடித்தட்டில் இருந்த அரிசி டப்பா அன்றே மேலேறிவிட்டது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் நானே குளித்து, நானே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆக்குபேஷனல் தெரபி படிப்பை நம் நாட்டில் 1950-லேயே மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் ஆரம்பித்துவைத்தவர், அமெரிக்காவில் பிறந்து இந்தியாவுக்கு மருமகளாக வந்த கமலா நிம்ப்கர். எங்கள் ஊர் திருவையாற்றுக்கு அது வந்து சேரவில்லை. இடுப்பு ஒடிந்த என் பாட்டி ரேழியிலேயே இரண்டு வருஷம் கிடந்தாள். அவளைத் தூக்க வீட்டில் ஆறு பேர். எனக்கு ஆறு கைப்பிடி. குறை சொல்லவில்லை, பாட்டியின் முதுகுப் புண்ணைத் துடைத்தவள் நான்.

ஆனாலும் அந்த ரேழித் தரை! சிவப்பு சிமெண்ட், தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும். சித்திரை மதியத்தில் புடவையை மீறித் தொடையில் ஏறும் ஜில்லிப்பு. காலை நீட்டி, அரிவாள்மணையை மிதித்துக்கொண்டு, நானும் தங்கையும் வாழைப்பூ ஆய்வோம். கள்ளனை எடுத்துப்போட்ட விரலெல்லாம் கறுத்திருக்கும். இங்கே சுவர்முதல் சுவர்வரை கார்ப்பெட். காலுக்குத் தரை என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

"திரும்பச் செய்ய ஆசைப்படுவது என்ன?" என்று ஓ.டி. கேட்டாள். வாசலில் கோலம் போடுவது என்றேன். புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, இடுப்பு உயர மேஜையில் பெரிய தாம்பாளத்தை வைத்து, "இதில் போடலாமே" என்றாள்.

இன்று காலை ஏழு புள்ளி, ஊடுபுள்ளி நாலு. இழை கோணவில்லை. அரிசி மாவுதான், எறும்பு வரவில்லை.