கடலோரத்தில் ஒரு வீடு: உறுதி யார் பெயரில்?

"கல்முனைப் பக்கம் வீடு ஒன்று விலைக்கு வருமா ஹஸ்ரத்?" என்று எங்கள் கொத்மலையில் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள், மண்சரிவுக்குப் பயந்தவர்கள், கிழக்கில் சம்பந்தம் செய்தவர்கள் என்று ஆளுக்கொரு காரணம். அவர்களுக்காகவும் உங்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

வீடு என்பது கைவிட்டுப் போகக்கூடியது என்பதை எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1985ல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. தண்ணீர் வற்றும் காலங்களில் கடதொர விகாரையின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டும். இடம்பெயர்ந்தவர்களில் பலர் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள். அங்கே குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுக் காணியும் கொடுக்கப்பட்டன. ஆனால் உத்தரவுப் பத்திரத்தில் பெரும்பாலும் கணவனின் பெயர்தான் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத காணி பிள்ளைகளுக்கு இறங்கும்போது மகனுக்கே முன்னுரிமை. அந்தப் பாகுபாடு நீங்க 2022ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டத்து லயங்களின் கதையைச் சொல்லவே வேண்டாம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அந்த அறை தோட்டத்துக்கே சொந்தம்.

இந்த நினைவோடு மலையிறங்கி, மஹியங்கனையின் பதினெட்டு வளைவுகளையும் பதியத்தலாவையையும் மகாஓயாவையும் தாண்டி, அம்பாறை, சம்மாந்துறை வழியாகக் கல்முனைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் மேட்டில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மருதமுனை நெசவுக்குப் பேர்போனது. ஆறு பேர்ச் காணி இருந்தாலே அங்கே வளவு என்பார்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி. கணக்கைப் போட்டுப் பாருங்கள்!

மலைநாட்டுப் பெண்களுக்கு அங்கே வியப்பாக இருப்பது வேறொன்று. வீடு பெண்ணுக்குரியது. நிகாஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்கு வருகிறார். பெற்றோர் மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவின் ஓரத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குகிறார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. அங்குள்ள தமிழ்ச் சகோதரர்களிடமும் இதே வழக்கம்தான். கணவர் காலமானாலும் தலாக் நடந்தாலும் பெண் நடுத்தெருவுக்கு வருவதில்லை. அவள் தன் உம்மாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள். இதில் உள்ள பாதுகாப்பை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அதன் விலை யார் தலையில் விழுகிறது? சாய்ந்தமருதில் ஒரு தாயார் தம் வீட்டுக் குசினியைக் காட்டி, "இதுதான் இப்ப எங்கட வீடு மௌலவி. மற்ற எல்லாம் மூணு புள்ளையளுக்கும் எழுதியாச்சு" என்றார். மகன் கட்டாரில் இருக்கிறார். தங்கைக்குச் சுவர் எழும்பும் வரை அவருக்குக் கலியாணம் இல்லை. மகளுக்கு மனமுவந்து கொடுப்பது வேறு, வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை இல்லை என்பது வேறு. மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண். அவன் மஹராகச் சில ஆயிரத்தை எழுதிவிட்டு, மாடி வீட்டைக் கேட்டு வாங்குவதை எந்த மார்க்கம் ஒப்பும்? ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடை கொடுக்க முனைந்த நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தையை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியையும் பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 இந்த வழக்கத்தையே உலுக்கிவிட்டது. நாட்டில் அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். பிறகு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாதென்று அரசு அறிவித்தது. பின்னால் வயலாக இருக்கும் ஊரில் 200 மீற்றர் விட்டால் மிஞ்சுவது எவ்வளவு? அந்த அளவு பின்னர் குறைக்கப்பட்டது. மருதமுனையில் '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்ற பெயரே அதற்குச் சாட்சி. அக்கரைப்பற்றில் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் சவூதி உதவியில் நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள், வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தன.

இவற்றைவிட மனதை வருத்துவது இன்னொன்று. அலை கொண்டுபோன வீடு மனைவியின் பெயரில் இருந்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்த வீடோ 'குடும்பத் தலைவர்' என்ற ஒரு சொல்லால் பல இடங்களில் கணவன் பெயருக்குப் போனது. தாய்வழியாக வந்த சொத்து ஒரு படிவத்தில் கைமாறிவிட்டது.

எனவே கடலோரம் வீடு பார்ப்பவர்கள் ஓடு, மாபிள், சுவர்ப் பூச்சு பார்ப்பதற்கு முன் கடுதாசியைப் பாருங்கள். அது உறுதிக் காணியா, உத்தரவுப் பத்திரக் காணியா? உத்தரவுப் பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. "எழுதித் தாறோம்" என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். உறுதிக் காணியானால் காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்து ஏடுகளைத் தேடச் சொல்லுங்கள். மகள்மாருக்குப் பிரித்துப் பிரித்து எழுதிய வளவுகளில் ஒரு சகோதரியின் ஒப்பம் விடுபட்டிருக்கலாம். வயதான தாயின் சீவிய உரித்து இன்னும் மிச்சமிருக்கலாம். கரையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். கூரை ஆணிகளையும் பாருங்கள். உப்புக் காற்று எங்கள் மலைப்பனி போன்றதல்ல, இரும்பைத் தின்றுவிடும்.

மகளுக்கென்று காசு கொடுத்து வாங்கினால் உறுதி மகள் பெயரிலேயே இருக்கட்டும். "மாப்பிள்ளை பெயரில் எழுதினால் என்ன, பிறகு மாற்றலாம்தானே" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் கைக்கூலி என்பது பணமும் அசையும் பொருளும்தான். வீடும் காணியும் அதற்குள் வராது. மாப்பிள்ளை பெயருக்குப் போன வீட்டைக் கைக்கூலி என்று சொல்லிக் காதியாரிடம் மீட்க வழியில்லை. நொத்தாரிசு உறுதியை வாசிக்கும்போது பெண்களை உள்ளறையில் இருத்தாமல், யாருக்காக வாங்குகிறீர்களோ அந்தப் பிள்ளையையே முன்னால் உட்காரவைத்து, அவளுக்கு விளங்கும் பாஷையில் வாசிக்கச் சொல்லுங்கள்.