முடிவு தெரிந்த கதை

கதை எழுதுகிறவனைப் பார்த்து, "உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்?" என்று கேட்பவர்கள் உண்டு. பதில் சொல்வது சங்கடம். உயிரோடிருக்கும் ஒருவரைச் சொன்னால் மற்றவர்களுக்குக் கோபம். காலமானவரைச் சொன்னால் உயிரோடிருக்கும் எல்லோருக்குமே கோபம். ஆகையால், "எழுதாத நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கும் வாசகரை எனக்கு மிகவும் பிடிக்கும். அவரிடம் நான் பயமில்லாமல் உண்மையைச் சொல்லலாம். சினிமா பார்க்கிறேன், தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறேன், நாற்பத்தைந்து வயதில், வீட்டில் யாரும் இல்லாத சமயம் பார்த்து, கம்ப்யூட்டரில் விளையாடவும் செய்கிறேன்.

இவற்றில் என் மனத்துக்கு மிகவும் உகந்தவை மூன்று: ஒரு தொடர், ஒரு படம், ஒரு விளையாட்டு. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. மூன்றிலும் முடிவு இன்னதென்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இக்காலத்து ரஸிகர்களுக்கு இது பெரிய அபசாரம். ஒரு படத்தைப் பற்றி வாயைத் திறந்தால், "ஐயையோ, முடிவைச் சொல்லிவிடாதீர்கள்!" என்று காதைப் பொத்திக்கொள்கிறார்கள். கதை என்பது ஒரு பொட்டலம். முடிவுதான் உள்ளே இருக்கும் பண்டம். மற்றதெல்லாம் சுற்றிய காகிதம் என்பது அவர்கள் எண்ணம் போலும்.

தொடரிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதன் பெயர் 'கொலம்போ'. இலங்கையில் இருக்கும் ஊர் அல்ல. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துப் போலீஸ் லெப்டினென்ட் ஒருவரின் பெயர். பீட்டர் ஃபாக் என்ற நடிகர் 1968ல் முதன்முதலாக இந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டார். 1971 முதல் 1978 வரை தொடராக வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் இடைவெளி விட்டு 1989ல் மறுபடி ஆரம்பித்து 2003 வரையில் நடந்தது. மொத்தம் 69 கதைகள்.

அநேகமாக ஒவ்வொரு கதையிலும் ஆரம்பத்திலேயே கொலை நடந்துவிடும். யார் செய்தார், எப்படிச் செய்தார் எல்லாம் நம் கண் முன்னாலேயே! செய்தவர் பெரும்பாலும் பணக்காரர், படித்தவர், நாசூக்கானவர். அதன் பிறகு, கசங்கிப்போன மழைக்கோட்டும் ஓட்டை 'பெஷோ' காருமாக லெப்டினென்ட் வந்து சேருவார். மழைக்கோட்டு ஃபாக்கின் சொந்தக் கோட்டு. தம் மனைவியைப் பற்றி ஓயாமல் பேசுவார். அந்த அம்மாளை நாம் ஒரு தடவைகூடப் பார்க்க மாட்டோம். விடைபெற்றுக்கொண்டு வாசற்படி வரைக்கும் போவார். கொலைகாரர் அப்பாடா என்று மூச்சு விடும்போது திரும்பி, இன்னும் ஒரே ஒரு சந்தேகம் என்பார். அவ்வளவுதான் தொடர்.

இப்படிக் கதை சொல்வது இவர்கள் கண்டுபிடித்ததல்ல. ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912லேயே ஒரு புத்தகத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார். 1866ல் வந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலிலும் கொலைகாரன் யார் என்பது நமக்கு முதலிலேயே தெரியும். அதில் வரும் விசாரணை அதிகாரியைப் பார்த்துத்தான் லெப்டினென்டை உருவாக்கியதாகத் தொடரின் கர்த்தாக்களான லெவின்சனும் லிங்கும் சொல்லியிருக்கிறார்கள். 1971ல் தொடரின் முதல் கதையை இயக்கியவர், அப்போது 24 வயதே ஆகியிருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். இரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து துப்பறியும் நாவல் எழுதுகிறார்கள். உண்மையில் எழுதுகிறவர் ஒருவர்தான். மற்றவர் பேட்டி கொடுப்பார். எழுதுகிறவர், "இனி நான் தனியாக எழுதப் போகிறேன்" என்கிறார். பேட்டி கொடுப்பவர் அவரைக் கொன்றுவிடுகிறார். கூட்டாக எழுதும் நண்பர்கள் இதைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்காமலிருப்பது நல்லது.

இந்தத் தொடரை நான் என் தகப்பனாரோடு பார்த்தேன். தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆறு மாதம்" என்றார். அப்பா கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். வழியில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று முதல் சாயங்காலம் ஏழு மணிக்குக் கொலம்போ எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கமாயிற்று. அப்பாவுக்கு அந்த ஆளின் வேலைத்திறமையில் அபார மரியாதை. "எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் ஒரு ரசீதை மறந்துட்டுத்தான் போறான் பாத்தியா!" என்பார். கோப்புகளோடு வாழ்ந்தவரல்லவா?

ஒரு நாள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யார் கொன்னான்னுதான் மொதல்லயே காட்டிட்டானே, இன்னும் என்னத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள்.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்படிப் போய்ச் சேர்றான்னு பாக்குறேன்" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா ஏழு மாதம் இருந்தார். 69ல் 41 கதைகள் பார்த்தார். மீதி 28ஐ நான் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாவது ஒரு ஜப்பானியப் படம். யாசுஜிரோ ஓசு 1953ல் எடுத்த 'டோக்கியோ கதை'. ஓனோமிச்சி என்ற கடற்கரை ஊரிலிருந்து வயதான தம்பதிகள் டோக்கியோவிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மகன் டாக்டர், மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் நேரம் இல்லை. செலவு செய்து அட்டாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குப் பெற்றோரை அனுப்பிவைக்கிறார்கள்; அங்கே இரவெல்லாம் கூச்சல். யுத்தத்தில் மாண்டுபோன இன்னொரு மகனின் விதவை மட்டும் வேலைக்கு லீவு போட்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். ஊர் திரும்பியதும் கிழவி இறந்துபோகிறாள். முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். இதனால் உங்களுக்கு ஒரு காசு நஷ்டம் கிடையாது. நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன்.

பாயில் உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்தில் காமிராவை வைத்து, அநேகமாக ஓடாமல் ஆடாமல் எடுத்த படம். கிழவராக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது வயது 49தான். ஆனால் நான் மெச்சுவது வேறு விஷயம். நம் படங்களாக இருந்தால் அந்த மகளைக் கல்நெஞ்சக்காரியாக்கிக் கடைசியில் காலில் விழ வைத்திருப்பார்கள். ஓசு அப்படிச் செய்வதில்லை. தாய் இறக்கும்போது பலமாக விம்மி அழுகிறவள் அவள்தான். சவ அடக்கம் முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவுடன் அம்மாவின் உடையை ஞாபகார்த்தமாக எனக்குக் கொடுங்கள் என்று கேட்கிறவளும் அவள்தான். அழுததும் பொய் அல்ல. கேட்டதும் பொய் அல்ல. என் தாயாருக்கு இந்தப் படத்தைக் காட்டினேன். ஒரு வார்த்தை ஜப்பானிய பாஷை தெரியாத அவள், அந்த இடத்தில் மட்டும், "உங்க அத்தை எங்கிட்டே கேட்ட மாதிரியே கேக்குறா" என்றாள்.

மூன்றாவது 'டெட்ரிஸ்'. மாஸ்கோவில் விஞ்ஞானக் கழகத்தின் கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் 1984ல் உண்டாக்கிய விளையாட்டு. நாலு நாலு கட்டங்கள் சேர்ந்த ஏழு வகைத் துண்டுகள் மேலேயிருந்து ஒவ்வொன்றாக விழும். திருப்பித் திருப்பி இடுக்கில்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறைந்துவிடும். நிறையாதது தலைக்கு மேல் வளர்ந்துகொண்டே போகும். நாம் அழகாகச் செய்தது கண்ணுக்குத் தெரியாது. செய்த கோணல் மட்டும் நிற்கும். சம்சாரம் நடத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் ஜயிக்க வழி இல்லை. எஸ் போலவும் இசட் போலவும் வளைந்த இரண்டு துண்டுகள் மாறி மாறி வந்துகொண்டேயிருந்தால், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரும் தோற்றே தீர வேண்டும் என்று 1997ல் கணித ரீதியாகவே நிரூபித்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், பழைய நின்டென்டோ கருவியில், இயந்திரமே திகைத்து நின்றுபோகும் வரையில் ஆடினான். மனிதர்களில் அதைச் செய்த முதல்வன் அவன். அதுகூட வெற்றி அல்ல. ஆட்டத்துக்கு மூச்சு நின்றது, அவ்வளவுதான். என் பெண்ணுக்கு இதில் பிடித்தம் இல்லை. அவள் ஆடுகிற விளையாட்டுகளில் நாமே முடிவைத் தேர்ந்தெடுக்கலாமாம். "ஜெயிக்கவே முடியாதுன்னா எதுக்குப்பா ஆடுறீங்க?" என்று கேட்கிறாள். அவள் தாத்தா இருந்தால் அவரிடம் அனுப்பியிருப்பேன்.

மறைத்து வைத்துக் கடைசியில் அவிழ்க்கும் கதையில் ஸ்வாரஸ்யமே இல்லை என்று நான் வாதாடவில்லை. அகதா கிறிஸ்டியின் 'எலிப்பொறி' நாடகம் 1952ல் லண்டனுக்கு வந்தது. பார்த்தவர்கள் முடிவை வெளியில் சொல்ல வேண்டாம் என்று ஆட்டம் முடிந்ததும் கேட்டுக்கொள்வது அங்கே சம்பிரதாயம். நல்ல நாடகம்தான். ஆனால் 1987ல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் ராமாயணம் வந்தபோது, இராவணன் ஜயித்துவிடுவானோ என்று யார் கவலைப்பட்டார்கள்? ஆனாலும் ஜனங்கள் திரை முன்னால் கூடினார்கள். 2020 ஊரடங்கில் அதையே மறுபடி போட்டார்கள், மறுபடியும் கூடினார்கள். என்ன ஆகும் என்று கேட்பது ஒரு பசி; ஒரு தடவை சாப்பிட்டால் தீர்ந்துவிடும். எப்படி ஆகிறது என்று கேட்பது வேறு பசி. நாம் அறிந்த மனிதர்களிடம் நாம் காட்டும் அக்கறை அந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது. அவர்கள் எல்லோருடைய கதைக்கும் முடிவு நமக்குத் தெரியும். தெரிந்துதானே தினமும் சாயங்காலம் கூட உட்காருகிறோம்?

நான் இப்போது ஆரம்பித்திருக்கும் தொடர்கதையில், கதாநாயகரான பெரியவர் இறந்துபோவார் என்பதை முதல் அத்தியாயத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பத்திரிகாசிரியருக்கு இதில் சம்மதமில்லை. "வாசகர்கள் அடுத்த வாரம் எதற்காக வாங்குவார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாங்கினால் அந்தப் பெரியவரை அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். வாங்காவிட்டால் நான் எழுதியது போதவில்லை. முடிவின் மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு வழி வைத்துக்கொள்ளவில்லை.